ஆசிரியருக்குக் கடிதம்: இரண்டு படைக்கு நடுவே கூடாரம் அடித்த ராணி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் வாளேந்திய அரசிகள் பற்றிய தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். வேலு நாச்சியார் வந்த வாரம் அந்தப் பக்கத்தை வெட்டி என் பேத்தியின் நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். சென்ற ஞாயிறு தொடர் ஐரோப்பா பக்கம் திரும்பியது. அதில் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார்: இடைக்கால ஸ்பெயினில் போர்க்களம் காணாத ராணிகள் எல்லாம் அந்தப்புரத்துப் பதுமைகளாக இருந்து மறைந்தார்கள் என்று. அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரணியல் பக்கம் இருப்பவள். 29 வருஷம் கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இரணியல்காரிக்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நாகர்கோவில் கோட்டாற்றுக் கோயிலின் புனித சவேரியார்தான் சம்பந்தம். டிசம்பர் 3ஆம் தேதி அவர் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள் அல்லவா, அதற்கு முந்தின நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "டீச்சர், சவேரியார் பிறந்த ஊருக்கு யாரு ராஜா?" எனக்குத் தெரியவில்லை. லீவு முடிந்து வந்து சொல்கிறேன் என்றேன். தேடிப் பார்த்தால், அவர் பிறந்தது இன்றைய ஸ்பெயினின் வடக்கே இருந்த நவார் நாட்டில். பிறந்த 1506இல் அந்த நாட்டுப் பட்டத்து உரிமை ராஜாவுக்கு இல்லை, ராணிக்கு. பெயர் கத்தலீனா. கணவரையும் ராஜா என்றுதான் சொன்னார்கள், ஆனால் முடி அந்த அம்மாள் வழியாக வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது பின் வரிசைப் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து அந்த நாட்டுப் பழைய வரலாறுகள், காவியங்கள், பாட்டுகள் என்று ஆங்கில வழியாகக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் வாளெடுத்த ராணிகள் இல்லை. சண்டையை நிறுத்தப் போன ராணிகள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1429ஆம் வருஷத்துக் கோடை. ஸ்பெயின் அன்று ஒரே நாடாக இல்லை, அரகோன், காஸ்தீல் என்று தனித்தனி ராஜ்யங்கள். அரகோன் ராஜா ஐந்தாம் அல்போன்ஸோவும் அவர் தம்பி ஹுவானும் படையோடு காஸ்தீல் நாட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். தம்பி ஹுவான், மனைவி வழியில் நவாருக்கு ராஜா. காஸ்தீல் ராஜா பெயரும் ஹுவான்தான், இரண்டாம் ஹுவான். அவருடைய படையை முன்னால் நின்று நடத்தியவர் தளபதி ஆல்வரோ தெ லூனா. கொகொயூதோ என்ற ஊர்ப்பக்கம் இரண்டு படையும் எதிரும் புதிருமாக இறங்கியிருந்தன. அயலான் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். அல்போன்ஸோவும் காஸ்தீல் ஹுவானும் ஒரே தாத்தாவின் பேரன்கள், அண்ணன் தம்பி பிள்ளைகள். காஸ்தீலில் யார் கை ஓங்குவது, யாருக்கு எவ்வளவு நிலம் என்பதுதான் விஷயம். சுத்தமான பங்காளிச் சண்டை.

அந்த நேரத்தில் அரகோன் ராணி மரியா வந்து சேர்கிறார். அல்போன்ஸோவின் மனைவி. காஸ்தீல் ஹுவானுக்குக் கூடப்பிறந்த அக்காள். (அப்படியானால் கணவனும் பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறைதானே என்று நம் ஊர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள். அங்கே கத்தோலிக்கத் திருச்சபையிடம் தனி அனுமதி வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது வழக்கம்.) வயது 27. உடம்பும் திடமில்லை, அடிக்கடி நோயில் விழுகிறவர். வந்தவர், இரண்டு படைக்கும் நடுவே வெறுமையாகக் கிடந்த இடத்தில் கூடாரம் அடிக்கச் சொன்னார். அந்தக் கூடாரத்தையும் எதிர்ப்படைத் தளபதியிடமே கேட்டு வாங்கினார் என்று அந்தக் காலத்துக் காஸ்தீல் அரச வரலாறு சொல்கிறது.

அந்தக் கூடாரத்தை யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் குதிரை பாய வேண்டுமென்றால் ராஜாவின் பெண்டாட்டியை மிதித்துக்கொண்டு பாய வேண்டும். அந்தப் பக்கத்துக் குதிரை பாய வேண்டுமென்றால் ராஜாவின் அக்காளை மிதித்துக்கொண்டு பாய வேண்டும். போப்பாண்டவரின் தூதராக ஒரு கர்தினாலும் அங்கே இரண்டு பக்கமும் நடந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் நடுவில் ஒரு துணிக்கூரையைப் போட்டுக்கொண்டு உட்கார மரியாவால்தான் முடிந்தது. சண்டை நடக்கவில்லை. அரகோன் படை திரும்பிப் போனது.

அதோடு எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷமே எல்லையில் மறுபடி தீ பிடித்தது. 1430 ஜூலையில்தான் மஹானோ என்ற இடத்தில் ஐந்து வருஷத்துக்குப் போர்நிறுத்தம் எழுதினார்கள். ஆனால் கொகொயூதோவில் அன்று விழ வேண்டிய பிணங்கள் விழவில்லையே. அதைக் கணக்கில் எழுதுவதற்கு வரலாற்றில் ஒரு பத்தி கூடவா இல்லாமல் போகும்?

இதே மரியாவை ஒரு கவிதையிலும் பார்க்கலாம். 1435இல் இத்தாலிக் கடலில் போன்ஸா தீவுக்குப் பக்கத்தில் கடற்சண்டை. ஜெனோவாக்காரர்கள் அல்போன்ஸோவையும் அவர் தம்பிகள் இருவரையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தில்யானா பிரபு அதை வைத்து ஒரு நீண்ட கவிதை எழுதினார். நான்கு அரச குலத்துப் பெண்கள் கூடி அழுவதாகக் கவிதை. அல்போன்ஸோவின் தாய், மரியா, நவார் ராணி, இன்னொரு தம்பி மனைவி. அழகான கவிதைதான். எனக்கு ஒரு குறை உண்டு. கவிதைக்குள் மரியா அழுகிறார். வெளியே, அதே வருஷம், நிஜ மரியா மோன்ஸோனில் அரகோன் நாட்டு மன்றங்களைக் கூட்டிக் கணவனை மீட்க உதவி கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கவிஞர் பாடியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சரி, ஏன் ராணிகள்? வேறு யாரும் போகக்கூடாதா? நம் பழைய பாட்டுகளில் அந்த வேலையைச் செய்தவர்கள் புலவர்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனது அவ்வையார். சோழர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது நடுவே புகுந்து, யார் தோற்றாலும் உங்கள் குடிதானே தோற்கும் என்று புத்தி சொன்னது கோவூர் கிழார். நம் ராணிகளுக்கு இலக்கியத்தில் அந்த வேலை கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. சேரமாதேவி வேண்மாள் சொன்ன ஒரு பதிலைக் கேட்டுச் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுக்க வடக்கே படையோடு போனான். அது வேறு கதை.

ஸ்பெயினில் ராணிகள் அந்த இடத்துக்கு வந்ததற்குக் காரணம், நாம் தினமும் சொல்கிற ஒரு வார்த்தையிலேயே இருக்கிறது: கொண்டு கொடுத்தல். காஸ்தீல், லியோன், நவார், அரகோன், போர்ச்சுகல் என்று பக்கத்துப் பக்கத்து ராஜ்யங்கள். சண்டை முடிந்தால் பெண் கொடுப்பார்கள். பெண் கொடுத்தாலும் அடுத்த தலைமுறையில் சண்டை வரும். அப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் பிறந்த வீடு, இன்னொரு பக்கம் புகுந்த வீடு. யார் ஜெயித்தாலும் இழவு அவளுக்குத்தான். லியோன் இளவரசி சாஞ்சாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. 1037இல் தமரோன் சண்டையில் அவருடைய கணவன் பெர்னாண்டோவின் படைக்கு முன்னால் அவருடைய கூடப்பிறந்தவன் பெர்மூதோ ராஜா விழுந்து செத்தான். அவன் செத்ததால்தான் சாஞ்சா லியோனுக்கு ராணி ஆனார். அந்த முடியை அவர் எப்படித் தலையில் வைத்திருப்பார் என்று நான் பல ராத்திரி யோசித்ததுண்டு.

இன்னொரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள்.

லியோன் ராஜா ஒன்பதாம் அல்போன்ஸோவுக்கு இரண்டு கல்யாணம். முதலில் போர்ச்சுகல் இளவரசி தெரேசா. நெருங்கிய உறவு, செல்லாது என்று சபை பிரித்துவைத்தது. பிறகு, காஸ்தீலுக்கும் லியோனுக்கும் ஓயாமல் நடந்த எல்லைக்கோட்டைத் தகராறை முடிப்பதற்கென்றே, 1197இல் காஸ்தீல் இளவரசி பெரெங்கேலாவைக் கட்டிக்கொடுத்தார்கள். 1204இல் அதையும் அதே காரணம் சொல்லி சபை பிரித்தது. தெரேசாவுக்கு உயிரோடு மிஞ்சியது இரண்டு பெண்கள், சாஞ்சா, துல்ஸே. பெரெங்கேலாவின் மகன் பெர்னாண்டோ. 1217இல் பெரெங்கேலாவின் தம்பி, காஸ்தீலின் சிறு வயது ராஜா, விளையாடிக்கொண்டிருந்தபோது தலையில் ஓடு விழுந்து இறந்துபோனான். முடி அக்காளுக்கு வந்தது. அவர் வயதோலித்தில் அதை வாங்கி, அங்கேயே மகன் தலையில் வைத்துவிட்டார். வைத்துவிட்டு ஒதுங்கவில்லை. சாகிற வரைக்கும் மகனுக்குப் பக்கத்தில் இருந்து நாட்டை நடத்தினார்.

1230 செப்டம்பரில் ஒன்பதாம் அல்போன்ஸோ இறக்கிறார். லியோனை மகனுக்கு விடாமல், முதல் தாரத்துப் பெண்கள் இருவருக்கும் எழுதிவைத்துவிட்டார். மகனும் விட மாட்டான், பெண்களுக்குப் பின்னாலும் ஆட்கள் நிற்கிறார்கள். உள்நாட்டுப் போருக்கு எல்லாம் தயார். அப்போது பெரெங்கேலா, மகனை லியோன் நகரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, தெரேசாவைப் பார்க்கப் போனார். தெரேசா அதற்குள் போர்ச்சுகலில் லோர்வாவோ மடத்தில் துறவியாக இருந்தார். பெண்களுக்காக மடத்தை விட்டு வந்திருந்தார். இருவரும் இன்று வலென்சியா தெ தோன் ஹுவான் என்று சொல்லும் ஊரில் சந்தித்தார்கள்.

நம் வழக்கில் சொன்னால் சக்களத்திகள். ஒருவர் விட்ட இடத்துக்கு மற்றவர் போனார். இரண்டு பேரையும் ஒரே காரணம் சொல்லி வெளியே அனுப்பினார்கள். கட்டின புருஷன் செத்துப்போனான், அவனுடைய உயில் இரண்டு பேர் பிள்ளைகளையும் கத்தி எடுக்க வைக்கிறது. இந்த இரண்டு அம்மாக்களும் ஒரு அறையில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள்? அதை யாரும் எழுதிவைக்கவில்லை. முடிவை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். பெண்கள் இருவரும் லியோன் மேல் தங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பது; பெர்னாண்டோ அவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 30,000 பொற்காசு கொடுப்பது. பத்திர ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு இது உடனே புரியும். விடுதலைப் பத்திரமும் ஜீவனாம்சமும். டிசம்பரில் பெனவெந்தே என்ற ஊரில் வைத்து அதை எழுதி முடித்தார்கள். அன்றைக்கு ஒன்றான காஸ்தீலும் லியோனும் பிறகு பிரியவே இல்லை. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்தோடு சேர்ந்தது.

இதில் என் மனசைத் தொட்டது ஒன்று உண்டு. இதை எழுதிவைத்தார்கள். தொலேதோ பேராயர் ரோத்ரிகோ 1243இல் முடித்த தன் லத்தீன் வரலாற்றில், இந்தச் சமாதானம் பெரெங்கேலாவின் சாமர்த்தியம் என்று பேர் சொல்லி எழுதினார். ஒஸ்மா ஆயர் ஹுவான் எழுதியதிலும் பெரெங்கேலா வருகிறார். லூகாஸ் என்ற குருவானவர் எழுதிய உலக வரலாறு பெரெங்கேலாவே கேட்டு எழுதச் சொன்னது. பிறகு பேரன் பத்தாம் அல்போன்ஸோ, லத்தீனை விட்டு ஜனங்கள் பேசும் காஸ்தீல் மொழியிலேயே நாட்டு வரலாற்றை எழுதவைத்தபோது, பாட்டியின் கதையும் அந்த மொழிக்குள் வந்தது. வாளெடுக்காத ஒரு பெண்ணுக்கு அந்த நாட்டு ஏடுகள் கொடுத்த இடம் இது. இதைப் பதுமை என்று ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

எல்லா ராணிகளும் பிரபுக்கள் வீட்டுப் பெண்களும் சமாதானத் தேவதைகள் என்று நான் வாதாட வரவில்லை. அதே இலக்கியத்தில் லாம்ப்ரா என்ற சீமாட்டி வருகிறாள். பூர்கோஸில் நடந்த அவள் கல்யாணத்தில் ஒரு வார்த்தையில் தொடங்கிய பகை, லாரா வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேருடைய தலையும் கோர்தோபாவில் இருந்த அப்பனுக்கு முன்னால் வரிசையாக வைக்கப்படுவதில் போய் முடிகிறது. உராக்கா இளவரசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பி சாஞ்சோ, இன்னொரு தம்பி அல்போன்ஸோவைச் சிறையில் போட்டபோது, அவன் துறவியாகப் போய்விடட்டும், உயிரோடு விடு என்று கெஞ்சி மீட்டது இந்த அக்காள்தான். அதே சாஞ்சோ ஸமோரா நகரத்தைக் கேட்டு வந்தபோது தர முடியாது என்று கதவைச் சாத்தியதும் இதே அக்காள்தான். நடுவே நிற்கிறவள் நாலாபுறமும் தலையாட்டுகிறவள் இல்லை.

என் மனம் ஒப்பாத ஒரு கதையும் சொல்லியாக வேண்டும். சித் என்று புகழ்பெற்ற காஸ்தீல் வீரன் ரோத்ரிகோவின் இளமைக்காலம் பற்றி 14ஆம் நூற்றாண்டில் ஒரு பாட்டு இருக்கிறது. ரோத்ரிகோ, ஹிமேனா என்ற பெண்ணின் அப்பாவைக் கொன்றுவிடுகிறான். அவள் ராஜாவிடம் போய் நியாயம் கேட்கிறாள். அவனைத் தண்டித்தால் நாடு கலவரமாகிவிடுமே என்று ராஜா பயப்படுகிறார். அப்போது அவளே வழி சொல்கிறாள்: அப்பாவைக் கொன்றவனையே எனக்குக் கட்டிவையுங்கள், பகை தீரும் என்று. அரசவை வியக்கிறது. எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது. சமாதானத்துக்கு விலையாக ஒரு பெண் தன்னையே வைப்பதைப் பாராட்ட என்னால் முடியாது. மரியா கூடாரத்தை வைத்தார், பெரெங்கேலா பணத்தை வைத்தார், ஹிமேனாவிடம் வைக்க வேறொன்றும் இல்லை. கட்டுரையாளர் இதைப் பற்றி எழுதுவாரென்றால் இந்த வித்தியாசத்தையும் எழுத வேண்டும்.

நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. ஆனாலும் கடற்கரையில் 29 வருஷம் வேலை பார்த்ததால் ராணி என்று பொருள்படும் இராக்கினி என்ற சொல் என் காதில் நன்றாகப் பழகியிருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வீட்டுக்கு வீடு செபம் கேட்கும். மாதாவை இராக்கினியே என்று கூப்பிட்டு, எங்களுக்காக வேண்டி மன்றாடுகிற தாயே என்று சொல்வார்கள். இடைக்கால ஸ்பெயினின் கற்பனையில் பெரிய ராணி அந்த மாதாதான். பெர்சேயோ என்ற குருவானவர் 13ஆம் நூற்றாண்டில் 25 அற்புதங்களைப் பாட்டாக எழுதினார். அதில் தெயோபிலஸ் என்பவன் பதவி ஆசையில் சாத்தானுக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். பிறகு அழுகிறான். மாதா அவனுக்காக மகனிடம் பேசுவதோடு நிற்கவில்லை. அந்தப் பத்திரத்தையே திரும்ப வாங்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுக்கிறார். பத்தாம் அல்போன்ஸோ மாதா மேல் 400க்கும் மேற்பட்ட பாட்டுகளைச் சேர்த்தார். விண்ணகத்தில் ராஜாவின் கோபத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு ராணி நிற்பதாக நம்பிய நாடு, மண்ணிலும் தன் ராணிகளிடம் அதையே எதிர்பார்த்தது.

போர்ச்சுகல் ராணி இசபெல் அதை அப்படியே செய்தார். அரகோனில் பிறந்தவர். 1323இல் லிஸ்பன் பக்கம் அல்வலாதேயில் கணவன் தினிஸ் படையும் மகன் படையும் மோத நின்றபோது, கோவேறு கழுதையில் ஏறி நடுவே போனார் என்பார்கள். 1336இல், மகனுக்கும் பேரனுக்கும் மூண்ட சண்டையைத் தடுக்கப் போகிற வழியில் எஸ்த்ரெமோஸில் நோயில் விழுந்து இறந்தார். அந்தச் சண்டை நிற்கவில்லை. 1625இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். புனிதர் எலிசபெத் என்று ஜூலை 4ஆம் தேதி கொண்டாடுகிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை. கொகொயூதோ கூடாரத்தைப் படித்தபோது நான் பார்த்தது மரியாவை இல்லை, என் அத்தையைத்தான்.

1978. எனக்கு 14 வயது. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் விளையில் எல்லைத் தகராறு. தென்னையும் மரச்சீனியும் நின்ற இடம். எல்லையில் ஒரு சக்கை மரம், பலா மரம்தான். பெரியப்பா புது வேலி போட்டபோது இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டார் என்று அப்பா சொன்னார். பழைய கல் இருந்த இடமே அதுதான் என்று பெரியப்பா. மூன்று வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு நாள் காலையில் இரண்டு பேர் கையிலும் வெட்டுக்கத்தி. அம்மை அலறியது இப்போதும் கேட்கிறது. அன்றைக்கு யாரோ பிடித்து விலக்கிவிட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் குலசேகரத்திலிருந்து அத்தை வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தங்கச்சி, புருஷனை இழந்தவள். ஒரு கையில் பனையோலைப் பாய், ஒரு கையில் தூக்குவாளியில் கஞ்சி. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை, பெரியப்பா வீட்டுக்கும் போகவில்லை. நேராகச் சக்கை மரத்து மூட்டில் பாயை விரித்து உட்கார்ந்தாள். வேலி பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு முழம். பெரியம்மை கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள், வேண்டாம் என்றாள். அம்மை கொண்டுபோனாள், அதுவும் வேண்டாம். நான் கிணற்றுத் தண்ணீராவது தரட்டுமா என்று கேட்டதற்கு என்னைப் பக்கத்தில் இருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்க குடிச்சாலும் ஒருத்தன் கணக்கு வைப்பான் மக்கா." மூன்று நாளும் அப்படித்தான். ராத்திரி தூரத்து உறவு வீட்டில் படுப்பாள். விடிந்தால் பாய்.

முதல் நாள் முழுக்க ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் அண்ணன்மாரைத் தனித்தனியே கூப்பிட்டு இருத்தினாள். என்ன வேணும் என்று அவள் கேட்கவே இல்லை. எது போனால் உனக்குப் பொறுக்காது என்று கேட்டாள். அப்பா, கிணற்றுக்குப் போகிற பாதை என்றார். பெரியப்பா நெடுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கோயில் கொடைக்கு ஊரே கூடியிருந்தபோது அப்பா சொன்ன ஒரு வார்த்தையைச் சொன்னார். அப்போதுதான் அது நிலத்தகராறே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அத்தைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் சர்வேயர் வந்து சங்கிலி போட்டார். வேலி ஒரு அடி பின்னால் போனது. கிணற்றுப் பாதை இரண்டு வீட்டுக்கும் பொது. சக்கை ஒரு வருஷம் அவர்களுக்கு, ஒரு வருஷம் எங்களுக்கு. அப்புறம் அத்தை அப்பாவைப் பார்த்து, "நீ போய் முற்றத்துல நின்னு அண்ணான்னு கூப்பிடு" என்றாள். அப்பா போனார். பெரியப்பா உள்ளிருந்து வந்து ஒன்றும் சொல்லாமல் திண்ணையைக் கையால் தட்டிவிட்டு, இரி என்றார். அதற்குப் பிறகுதான் அத்தை எங்கள் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள், அங்கே போய் ஒரு செம்பு குடித்தாள்.

பாகத்தை எழுதிப் பதிந்தபோது அத்தையும் கூடப் போனாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு ஆண்கள். அதில் ஒருவர் விஷயத்தையே அன்று காலையில்தான் கேள்விப்பட்டவர். அத்தைக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். அவளும் போடட்டுமே என்று அம்மை கேட்டதற்கு, பத்திரம் எழுதினவர், பொம்பளைக் கையெழுத்து எதுக்கு என்று முடித்துவிட்டார். அவள் வெளித்திண்ணையில் இருந்தாள். இன்று அந்தப் பத்திரம் என் அலமாரியில் இருக்கிறது. நான்கு பக்கம். எல்லை, கல், மரம், பாதை எல்லாம் இருக்கிறது. அத்தை பேர் எங்கேயும் இல்லை.

பெரெங்கேலாவின் பெயரை எழுதிவைத்த ரோத்ரிகோ பேராயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு பக்கம் நினைவுக்கு வரும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறேன். தொடர் புத்தகமாக வரும் என்று போட்டிருந்தீர்கள். அப்போது அந்த ஸ்பெயின் வரியை எடுத்துவிட்டு, மரியாவுக்கும் பெரெங்கேலாவுக்கும் ஆளுக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள். 1295க்குப் பிறகு சிறு வயது மகனை வைத்துக்கொண்டும், கடைசியில் பேரனை வைத்துக்கொண்டும் காஸ்தீலைச் சிதறாமல் காத்த மரியா தெ மோலினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1297இல் அல்கன்யீஸஸில் போர்ச்சுகலோடு எல்லையும் சம்பந்தமும் பேசி முடித்தவர் அவர்தான்.

இரண்டாவது, நம் மாவட்டத்து வாசகர்களிடம் கேளுங்கள். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தோவாளையிலும் கடற்கரை ஊர்களிலும் இப்படி நடுவில் பாய் விரித்து உட்கார்ந்த அத்தைகளும் மைனிகளும் ஆச்சிகளும் இருந்திருப்பார்கள். வலை வெட்டின சண்டை, வாய்க்கால் அடைத்த சண்டை, கல்யாணத்தில் விட்டுப்போன சண்டை, எதை யார் எப்படி நிறுத்தினார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் போதும்.

என் அத்தையைப் பற்றி நான் எழுதிய இரண்டு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுப்பெயரும் போட்டிருக்கிறேன், வெளியிடும்போது அதை எடுத்துவிட வேண்டாம். அவள் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் போட்டேன். போட்டோ கிடையாது. பாய் இருக்கிறது, ஓரம் பிய்ந்துபோய். வேண்டுமானால் படம் எடுக்க ஆள் அனுப்புங்கள். சக்கை மரமும் நிற்கிறது. இந்த வருஷம் காய் பெரியப்பா வீட்டுக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.